சும்மாதான் படுத்திருக்கிறாள்

ஓடிப்போனாள் என்று இன்னொரு முறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஓடுகிறவள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, வாசல் கதவை அகலத் திறந்துகொண்டு, செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போவாளா? அவள் நடந்துதான் போனாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நான் இருக்கும்போது பார்க்காதவர்கள் எல்லாம் கதை கட்டினால் எப்படி?

எதிர்வீட்டுக்காரிக்கு இதெல்லாம் காதில் ஏறாது. குழம்புக்கு உப்பு கேட்கிற சாக்கில் வருவாள். உப்பை வாங்கிக்கொண்டு ஊர்க்கதையைக் கொட்டிவிட்டுப் போவாள்.

“பெரியம்மா, அந்தப் படுக்கிற வகுப்புக்குப் போய்த்தான் உங்க மருமகளுக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு தெருவே பேசுது.”

“தெருவுக்கு ஏதுடி வாய்? பேசுறது நீ.”

“நான் கேட்டதைச் சொன்னேன். வீட்டுல படுத்தா தூக்கம், அங்க போய்ப் படுத்தா பிலாட்டிஸ்னு உடற்பயிற்சியாமே? தினமும் நனைஞ்ச சட்டையோட வந்து இறங்கினா நாலு பேர் நாலு விதமாத்தான் பேசுவாங்க.”

“அந்த நாலு பேருல நீ எத்தனாவது ஆளு?”

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். நெஞ்சு எரிகிறவள் நானல்லவா. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

சின்னவள் என் இளைய மகனின் மனைவி. சட்டை, மழைக்கோட்டு, சீருடை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிற வேலை. தைக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெட்டுகிறவள் மட்டும் நிற்பாள். நீளமான மேசையில் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை ஓட்ட வேண்டும். இடது கையில் இரும்பு வலையில் செய்த கையுறை. கத்தி ஒரு நூல் விலகினால் மொத்த அடுக்கும் பாழ். கொஞ்சம் கூடுதலாக விலகினால் கையுறையையும் தாண்டி விரலைப் பார்த்துவிடும். பட்டறையில் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பேர். வாய் நீளம் என்பதால் இல்லை, அவள் போட்ட வெட்டில் பிசிறே இருக்காது என்பதால்.

என் மகன் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். ஓடுகிற மெஷினில் காதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அவனுடைய கைக்குட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டான். எதற்கெடுத்தாலும் போனை எடுப்பான். “என் நீல சட்டை எங்க?” “கரண்ட் பில் கட்டியாச்சா?” “ஏணியை யாருக்குக் குடுத்தோம்?” விடுதியில் தங்கிப் படிக்கிற பேத்தியும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு தன் பெட்டிக்குள் இருக்கிற சாமானை அம்மாவிடம் கேட்பாள். நானும் கூப்பிடுவேன். எனக்கு வயதாகிவிட்டது, கூப்பிடாமல் என்ன செய்வேன்? ஆக மொத்தம் இந்த வீட்டில் எல்லோருடைய ஞாபகத்தையும் ஒருத்தி தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

போன மழைக்காலத்துக்கு முன்னால்தான் அந்தத் தப்பு நடந்தது. சாலை வேலைக்காரர்களுக்கு மழைக்கோட்டு. அந்தத் துணிக்கு ஒரு பக்கம்தான் பளபளப்பு, தண்ணீர் இறங்காத பூச்சு. மறுபக்கம் சாதா. அதனால் எல்லா அடுக்கையும் பூச்சு மேலே தெரிகிற மாதிரிதான் விரிக்க முடியும். கைப்பகுதியின் அட்டையை ஒருமுறை வைத்துக் கோடு போட்டால் இடது கை. அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு போட்டால் வலது கை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருகிற பாடம் அது. இவள் இடது கைக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள், போன் அடிக்கிறது. ஏணியை யாருக்குக் கொடுத்தோம் என்று என் மகன். பதில் சொல்லிவிட்டு வந்தவள் அட்டையைத் திருப்பாமலே அடுத்த கோட்டைப் போட்டுவிட்டாள். வெட்டியும் விட்டாள். மேசை முழுக்க இடது கைகள்.

பட்டறையே சிரித்ததாம். “ரெண்டும் இடது கையா இருக்கிறவங்க மழையில நனையக் கூடாதா என்ன? அவங்களுக்கு அனுப்பிடலாம்” என்று ஒருவன் சொன்னானாம். சிரிக்காத ஒரே ஆள் முதலாளியம்மா. கையுறையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, தைத்து வந்த உடுப்புகளில் தொங்குகிற நூலை நறுக்குகிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்.

“உன் கை நல்ல கைதான். மனசுதான் மேசையில இல்ல. சீருடை வேலை வர்றதுக்குள்ள மனசை நிறுத்திக் காட்டு, மேசையைத் தர்றேன். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்து சின்னவள் அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நூல் நறுக்குறதும் வேலைதானே” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பொத்தான் தைக்கிறவள் ஒருத்தி பட்டறையில் இருக்கிறாள். தனிக்கட்டை, வெள்ளை மனசு. முதுகுவலிக்கு என்று ஒரு வகுப்புக்குப் போனவள். “முதுகு சரியானது கூட ரெண்டாம்பட்சம்டி. ஊசியில நூல் கோக்கும்போது இப்ப ஊசியை மட்டும்தான் பார்க்கிறேன்” என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் இவள் போனாள். ஆளைப் பார்க்கப் போகவில்லை, ஆட்டம் பார்க்கப் போகவில்லை.

நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மகன் வேண்டாம் என்றான், அதனாலேயே போனேன். பெயின்ட் கடைக்கு மேலே மாடி. முழங்கால் வலியோடு ஏறி முடிப்பதற்குள் தின்னர் வாசனையில் எனக்கே தலை சுற்றியது. வெறும் தரை, வரிசையாக ரப்பர் விரிப்பு, ஜன்னல், அவ்வளவுதான். சொல்லித்தருகிறவள் ஒரு காலத்தில் நீச்சல்காரியாம். தோள்பட்டை போய்விட்டதால் இதைக் கற்றுக்கொண்டாளாம். தெருவில் ‘மூச்சு டீச்சர்’ என்பார்கள். பேச்சு குறைவு, கண் அதிகம்.

மல்லாந்து படுத்துக்கொண்டு, மூச்சை வயிற்றுக்கு விடாமல் விலாவின் இரண்டு பக்கமும் விரிகிற மாதிரி இழுக்க வேண்டும். விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து எடுக்க வேண்டும், கடித உறையிலிருந்து தபால்தலையைக் கிழியாமல் உரிக்கிற மாதிரி. பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். பக்கத்தில் படுத்திருந்த பல் டாக்டரம்மா நெற்றியெல்லாம் வியர்த்துப்போய்க் கிடந்தாள்.

சின்னவளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அடிவயிற்றின் மேல் ஒரு காகிதக் கப், அதில் தண்ணீர். ஒரு காலை மேலே தூக்கிக் காற்றில் வட்டம் போட வேண்டும். இடுப்பு அசையக் கூடாது, தண்ணீர் சிந்தக் கூடாது. முதல் வட்டம் நன்றாகப் போட்டாள். இரண்டாவதில் கீழே பெயின்ட் கடையில் யாரோ “ஏம்மா!” என்று யாரையோ கூப்பிட்டார்கள். கப் சாய்ந்து சட்டையெல்லாம் தண்ணீர்.

“எங்க போனீங்க?” என்று டீச்சர் கேட்டாள்.

“இங்கதான் இருக்கேன்.”

“தண்ணி அப்படிச் சொல்லலையே. திட்டிக்க வேண்டாம். எங்க போனீங்கன்னு மட்டும் பாருங்க. பார்த்துட்டுத் திரும்பி வாங்க.”

இதுதான் எதிர்வீட்டுக்காரி சொல்கிற நனைந்த சட்டை. போதுமா?

வகுப்பில் செய்தால் போதாது, வீட்டிலும் செய்ய வேண்டும் என்றாள் டீச்சர். எங்கள் வீட்டில் ஆள் படுக்க இடமிருப்பது என் கட்டிலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் மட்டும். அங்கே விரிப்பைப் போட்டுப் படுப்பாள். வயிற்றில் கப்பை வைத்ததும் இந்த வீட்டுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ!

“இந்தா, சார்ஜர் எங்க?”

“டிவி பின்னாடி.”

“இல்லையே.”

“இடது பக்கம்.”

“நீயே வந்து எடுத்துக் குடு. சும்மாதானே படுத்திருக்க.”

சும்மாதான் படுத்திருக்கிறாள்! இந்த ஒரு வார்த்தையை என் மகன் எத்தனை தடவை சொன்னான் என்று எனக்குக் கணக்கில்லை. நின்று செய்தால் வேலை, உட்கார்ந்து செய்தால் பாதி வேலை, படுத்துச் செய்தால் சும்மா. இவள் எழுவாள், தண்ணீர் கொட்டும், துடைப்பாள், மறுபடி படுப்பாள், பேத்தி போன் பண்ணுவாள். ஒரு நாள் என் மகள், அவளுக்கு நாத்தனார், சொல்லாமல் வந்தவள் தரையில் அசையாமல் கிடந்தவளைப் பார்த்து “ஐயோ அண்ணி!” என்று அலறின அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் மட்டையோடு ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு விரிப்பைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு, “எனக்கு இது வராது அத்தை. விட்டுடறேன்” என்றாள். முகம் கறுத்துப் போயிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மகளுக்குப் போட்ட டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

விடவில்லை அவள். மறுநாளும் போனாள். சில வாரம் கழித்து என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். முன்பெல்லாம் நகம் வெட்டினால் சதையையும் சேர்த்து வெட்டுவாள். ஒரு காது சமையலறையில், ஒரு காது வாசலில் இருக்கும். நான் பேசினால் “ம்” கொட்டுவாள். எதற்கு “ம்” என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு என் விரலை மட்டும் பார்த்து வெட்டினாள். ஒன்றுமில்லாத என் பழங்கதை ஒன்றை முழுசாகக் கேட்டு, நடுவில் ஒரு கேள்வியும் கேட்டாள். எவ்வளவு காலமாயிற்று என்னை ஒருவர் அப்படிக் கேட்டு!

“அத்தை, என் மனசு அலையுதுன்னுதான் நான் நினைச்சுட்டிருந்தேன். அது எங்கயும் அலையல. வாசல்லயே நிக்குது. யாராவது கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே நிக்குது. யாரும் கூப்பிடாதப்பவும் நிக்குது. அதனாலதான் தண்ணி கொட்டுது.”

“அதுக்கு என்னடி செய்யப் போற?”

“மூச்சு விடுறப்போ அதை உள்ள கூட்டிட்டு வர்றேன். மறுபடி வாசலுக்குப் போயிடுது. மறுபடி கூட்டிட்டு வர்றேன். வேற வழியில்ல.”

அதிலிருந்துதான் சண்டை தொடங்கியது. படுத்திருக்கும்போது கூப்பிட்டால் அவள் எழுவதில்லை. முடித்துவிட்டு எழுந்து வந்து, “சொல்லுங்க, என்ன வேணும்?” என்று அமைதியாகக் கேட்பாள். அந்த அமைதிதான் என் மகனுக்குப் பொறுக்கவில்லை.

“கூப்பிடறது காதுல விழல?”

“விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“முடிச்சுட்டு வந்தேன்ல.”

“அம்மா, பார்த்தியா இவ பேசுறதை? திமிர் வந்துடுச்சு.”

“சார்ஜரைத் தேடுறதுக்கு உனக்கும் ரெண்டு கண்ணு இருக்குடா” என்றேன். மாமியார் மருமகள் பக்கம் பேசினால் உலகம் தலைகீழாகிவிடும் போல. அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. தெருவிலும் சேதி போய்விட்டது, மாமியார் கூப்பிட்டால்கூடத் திரும்பாதவளாம் என் மருமகள். என்னைக் கேட்காமலே எனக்காக வருத்தப்பட்டார்கள்.

சீருடை வேலை வந்தது. கட்டம் போட்ட துணி. முன்பக்கக் கட்டமும் பின்பக்கக் கட்டமும் தையலில் ஒன்றாகச் சேர வேண்டும், இல்லையென்றால் உடுப்பு கோணிக்கொண்டு நிற்கும். முதலாளியம்மா கையுறையை எடுத்து மேசைமேல் வைத்து, “இன்னிக்கு வெட்டு, பார்க்கிறேன்” என்றார். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது சின்னவள் என் மகனிடம் படித்துப் படித்துச் சொன்னாள், போனைப் பொத்தான்காரியிடம் கொடுத்துவிடப் போகிறேன், சாயங்காலம் வரை எதுவும் கேட்காதீர்கள் என்று. “சரி சரி” என்றான். அவன் “சரி” என்றால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

மத்தியானம் அவனுக்கு வேன் சாவி கிடைக்கவில்லை. போன் அடித்தான், பொத்தான்காரி எடுத்து, “அவ மெஷின்ல நிக்கிறா, நான் தர மாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். இவன் நேராகப் பட்டறைக்கே போய்விட்டான்! வெட்டுகிற மேசைக்குப் பக்கத்துக் கதவில் நின்று, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறான். அப்போது அவள் சட்டைத் துணியின் அக்குள் வளைவில் கத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தாளாம். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவள் தலை மட்டும் திரும்பவில்லை.

“விலா மட்டும் ஒரு தடவை விரிஞ்சுது பெரியம்மா, நான் பார்த்தேன்” என்றாள் பொத்தான்காரி. “வளைவை முடிச்சா. கத்தியை வெளிய எடுத்தா. சுவிட்சை அமத்தினா. கையுறையைக் கழட்டினா. அதுக்கப்புறம்தான் ‘என்னங்க?’ன்னா.”

அதற்குள் அவன் கிளம்பிவிட்டான். சாவி வேன் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை அவனே வந்து என்னிடம் சொன்னான், ஏதோ சாவி செய்த குற்றம் மாதிரி.

கட்டத்தோடு கட்டம் சேர்ந்திருந்தது. முதலாளியம்மா ஒவ்வொரு அடுக்காகப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்.

“இன்னொரு தடவை உன் வீட்டு ஆள் இங்க வந்து கத்தினா, தப்பு உன்மேல இல்லேன்னாலும் மெஷின் உன் கையில இருக்காது. விரல் போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

அதைச் சின்னவள் வந்து அவனிடம் சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை, கெஞ்சியும் சொல்லவில்லை. பட்டறைக்கு வர மாட்டேன், வேலை நேரத்தில் போன் பண்ண மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாள்.

“அவசரம்னா?”

“எது அவசரம்?”

“சாவி காணோம்னா அவசரமில்லையா? ஊர் முன்னாடி என்னை நிக்க வச்சுட்டு, இப்ப எனக்கே சட்டம் போடறியா?”

“அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா பொத்தான்காரிக்குப் போன் பண்ணுங்க. உடனே வந்துடுவேன். சாவிக்கு வர மாட்டேன்.”

அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. “சொல்லித் தொலைடா” என்று நானும் சொன்னேன். வரவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து விரிப்பைத் தேடினாள். பீரோவுக்குப் பின்னால் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. மகன் வந்தான், கேட்டாள்.

“அதுவா? ஒரு கிளினிக்ல ஏசியோட வெளிப்பெட்டி நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நாலு துண்டா வெட்டிக் காலுக்குக் கீழ வச்சுட்டேன். நல்ல ரப்பர்மா, இப்ப சத்தமே இல்ல.”

வேண்டுமென்றே செய்தானா என்று எதிர்வீட்டுக்காரி என்னைக் குடைந்தாள். வேண்டுமென்று செய்திருந்தால் இரண்டு திட்டு திட்டி, ஒரு மன்னிப்பு வாங்கி, சரிபண்ணிவிடலாமே! அவன் முகத்தில் நல்ல வேலை செய்துவிட்டு வந்த சந்தோஷம் இருந்தது. அது ஒருத்தியுடைய பொருள் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “புதுசு வாங்கித் தர்றேன், இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிறியே” என்றான்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வெறும் தரையில் படுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எழுந்ததும் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“பொத்தான்காரி வீட்டு மாடியில ஒரு அறை காலியா இருக்கு. பட்டறைக்குப் பக்கம். நாளையிலேர்ந்து நான் அங்க இருக்கப் போறேன். லீவு நாள்ல இங்க வந்து அத்தையைப் பார்த்துக்கறேன். நீங்க எப்ப அந்த வார்த்தையைச் சொல்றீங்களோ, அப்ப பேசலாம்.”

“போ, போ. ரெண்டு நாள் இருந்து பாரு” என்று சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான். நான் நினைக்கவில்லை. என்னிடம் வந்தபோது, “நீங்களும் வர்றீங்களா அத்தை?” என்றாள். “அந்த மாடிப்படியெல்லாம் என்னால ஏற முடியாது. இந்தப் பயலையும் தனியா விட முடியாது, வெறுங்காலோட வேலைக்குப் போயிடுவான்” என்றேன். அவள் சிரித்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

காலையில் பால் வாங்கி வந்து அடுப்பில் சின்னத் தீயில் வைத்தாள். என் மாத்திரைகளை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, எது எப்போது என்று என்னையே சொல்ல வைத்துக் கேட்டாள். ஒரே ஒரு பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். குளியலறையிலிருந்து என் மகன் வாயில் பிரஷ்ஷோடு வந்தான். பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாய் நிறைய நுரை. ஏதோ சொன்னான். ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்து, “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவன் உள்ளே ஓடி, வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தான். அதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். கூப்பிட வாயெடுத்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “பார்த்துக்கிட்டு நிக்காத, பால் பொங்குது” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.